மேற்கு அறையின் ஐந்து ஜாடிகள்

மஞ்சடி மலைக்குச் சீடனாக வந்து சேர்ந்தபோது சாரநாதனுக்கு அறுபத்து மூன்று வயது. அவர் தேடி வந்த குரு நீலாவதிக்கு ஐம்பத்தொன்று.

சாரநாதன் முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். நீலாவதி ஒரு காலத்தில் பெயர்பெற்ற மூளை அறுவை நிபுணர். ஒருநாள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மலை ஏறினார். பிறகு இறங்கவே இல்லை. காரணம் கேட்டவர்களிடம், "மேல குளிர் நல்லா இருந்தது" என்பார். மலையில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா.

அவர் தங்கியிருந்தது ஒரு பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரி. கருங்கல் சுவர், தகரக் கூரை. நோயாளிகள் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது யாராவது ஐந்தாறு பேர் வந்து தங்குவார்கள். வேலை செய்வார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கேள்வி கேட்பார்கள், போய்விடுவார்கள்.

சாரநாதன் வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். குருவும் சீடரும் மட்டும் மிஞ்சினார்கள்.

சாரநாதன் ஒரு தடித்த நோட்டு கொண்டுவந்திருந்தார். மழைத் துளி படாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே நடந்தார்.

"என்ன நோட்டு, புரொபசர்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"உலகத்துல இதுவரைக்கும் பிறந்த விஞ்ஞானிகள்ல நூறு பேர். அறிவுக்கு அம்பது மார்க். உலகத்துக்கு விட்டுட்டுப் போனதுக்கு அம்பது மார்க்."

"யார் போட்டது?"

"நான்தான். பதினோரு வருஷ உழைப்பு."

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் புரட்டினார். பென்சிலால் எழுதி அழித்து, மறுபடி எழுதி, காகிதம் சில இடங்களில் கிழியும் அளவுக்கு மெலிந்திருந்தது.

"எடிசனுக்கும் டெஸ்லாவுக்கும் ஒரே ஒரு மார்க்தான் வித்தியாசம்."

"அந்த ஒரு மார்க்குக்கு எட்டு மாசம் தூங்கலை. ஒருத்தர் பேர்ல ஆயிரத்துக்கும் மேலே காப்புரிமை. இன்னொருத்தர் ஓட்டல் ரூம்ல தனியாக் கிடந்து செத்தார். மூளையில இவர் மேல, விட்டுட்டுப் போனதுல அவர் மேல. எப்படிக் கூட்டறது?"

"முதல் இடம் காலியா இருக்கே."

"அதுக்குத்தான் இங்க வந்தேன்." சாரநாதன் குரல் தாழ்ந்தது. "நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தொண்ணூத்தெட்டுல நிக்கறாங்க. மூணு வருஷமா நகரலை. நீங்க மூளையைக் கையால தொட்டவங்க. எது பெரிய மூளைன்னு உங்களுக்குத் தெரியும்."

டாக்டரம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"மொச்சை உரிக்கத் தெரியுமா?"

சாரநாதன் இரண்டு மாதம் மொச்சை உரித்தார். விறகு அடுக்கினார். தகரக் கூரையில் ஒழுகிய இடங்களுக்குத் தார் பூசினார். தினமும் சாயங்காலம் அதே கேள்வியைக் கேட்டார். தினமும் டாக்டரம்மா வேறு எதையோ பேசினார்.

ஒருநாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவராகவே ஒரு சாவியை எடுத்து வைத்தார். பெரிய இரும்புச் சாவி.

"மேற்கு அறையோடது."

அந்த அறைப் பக்கம் யாரும் போவதில்லை என்று சாரநாதன் கவனித்திருந்தார். காய்கறிக் கூடை கொண்டுவரும் மாசி என்ற பெண்கூடக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"அஞ்சு மூளை" என்றார் டாக்டரம்மா.

பிறகு கஞ்சி ஆறும்வரை சொன்னார்.

"நூத்துப் பத்து வருஷம் முன்னாடி இந்த மலையில ஒரு காய்ச்சல் வந்தது. பதினாலு ஊர். பாதி ஜனம் போயிடுச்சு. எதனால வருதுன்னு யாருக்கும் தெரியலை. ரெண்டு பெரிய டாக்டர்கள் வந்தாங்க. ஆஷ்வெல் துரை, கார்டிங் துரை. ரெண்டு பேருமே அன்னிக்குப் பேர் போனவங்க. ஒருத்தரை ஒருத்தர் முட்டாள்னு நினைச்சாங்க. ஒரே மேஜையில சாப்பிட மாட்டாங்க."

"மத்த மூணு?"

"கண்ணாடிக் குழாய் கழுவின தேவசகாயம். சமையல்காரர் காதர் மொய்தீன். தண்ணி தூக்கின பொம்மி. அஞ்சு பேரையும் அதே காய்ச்சல் பிடிச்சது. ஒரே வாரத்துல அஞ்சு பேரும் போயிட்டாங்க. புதைக்க வந்த ஊர்க்காரங்க அவங்க கிடந்த மேற்கு அறைச் சுவர்ல கரியால வரைஞ்ச ஒரு படத்தைப் பாத்தாங்க. கீழ் ஊற்று. பக்கத்துல கவிழ்த்து வெச்ச ஒரு குடம். ரெண்டுக்கும் மேல பெருசா ஒரு பெருக்கல் குறி. எழுத்து ஒண்ணும் இல்லை."

"அந்தத் தண்ணியிலதான் நோய்!"

"ஊர்க்காரங்க கல்லைப் போட்டு ஊற்றை அடைச்சாங்க. அடுத்த மாசம் காய்ச்சல் இல்லை."

"யார் வரைஞ்சது?"

"அதுதான் தெரியாது. அந்த வாரமே வந்த இன்னொரு டாக்டர், காய்ச்சல் மூளையை என்ன பண்ணுதுன்னு பாக்கறதுக்காக, புதைக்கறதுக்கு முன்னாடியே அஞ்சையும் எடுத்து ஜாடியில போட்டிருந்தார். பேர் எழுதி ஒட்டியும் வெச்சார். பேரையெல்லாம் ராமபாணப் பூச்சி தின்னுடுச்சு." டாக்டரம்மா சாவியை அவர் பக்கமாகத் தள்ளினார். "அதைக் கண்டுபிடிச்ச மூளை எதுன்னு சொல்லுங்க, புரொபசர். அப்புறம் உங்க முதல் இடத்தைப் பாப்போம்."

சாரநாதனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. பாதிக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மேற்கு அறை நீளமாக இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில் பாசி ஏறி, உள்ளே வந்த வெளிச்சம் குளத்துக்கு அடியில் இருப்பதுபோலப் பச்சையாக இருந்தது. சுவரில் கரிப்படம் பாதி உதிர்ந்திருந்தது. குடத்தின் விளிம்பும், பெருக்கல் குறியின் ஒரு கோடும்தான் மிச்சம். எதிரே மரப்பலகையில் ஐந்து ஜாடிகள்.

அவர் எதிர்பார்த்தது வேறு. ஏதோ ஒரு கம்பீரம் இருக்கும் என்று நினைத்திருந்தார். பழுப்பு நீரில் ஐந்து பழுப்பு உருண்டைகள் மிதந்தன. அவ்வளவுதான்.

கதவை மூடியதும் ஒரு சத்தம் கேட்டது. ரொம்பத் தாழ்ந்த சத்தம். தூரத்தில் நிறைய பேர் ஒரே நேரத்தில் முணுமுணுப்பது போல. காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது சுவரிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் அதைச் சொன்னார்.

"கீழ் ஊற்றோட தண்ணி அந்த அறைக்கு அடியிலதான் ஓடுது. வாயைத்தான் அடைச்சாங்க. ஓட்டம் நிக்கலை" என்றார் டாக்டரம்மா.

மறுநாளிலிருந்து சாரநாதன் வேலையை ஆரம்பித்தார். டாக்டரம்மா ரப்பர் கையுறையும் பீங்கான் தட்டும் ஒரு தராசும் கொடுத்தார். ஒவ்வொரு ஜாடியாகத் திறந்தார். மருந்து நெடி மூக்கை அரித்தது, கண்ணில் நீர் வழிந்தது. எடை போட்டார். நூலால் சுற்றளவு எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்து மடிப்புகளை எண்ணினார். எல்லாவற்றையும் நோட்டில் குறித்தார்.

மூன்றாவது நாள் அவர் ஒன்றைக் கவனித்தார். முதல் ஜாடியில் இருந்ததன் பின்புறம்தான் நேற்று அவரைப் பார்த்து இருந்தது. இன்று முன்புறம் இருந்தது.

ஜாடிக்கு நேரே பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தபோது ஜாடி நகரவில்லை. உள்ளே இருந்தவை ஐந்தும் திரும்பியிருந்தன. ஐந்தும் அவர் உட்காரும் நாற்காலிப் பக்கம்.

அடியில் ஓடும் தண்ணீரின் அதிர்வு, மிதப்பது மெல்லச் சுழலத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இயற்பியல் தெரிந்தவர். கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவை கதவுப் பக்கம் திரும்பியிருந்தன.

பத்தாவது நாள் சாரநாதன் தீர்ப்போடு வந்தார். டாக்டரம்மா வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மூணாவது ஜாடி. ஆஷ்வெல் துரை."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆயிரத்து நானூத்து எழுபது கிராம். அஞ்சுல அதுதான் எடை அதிகம். மடிப்பும் அதிகம். ரெண்டாவது ஜாடி கார்டிங்கா இருக்கணும். கொஞ்சம் குறைச்சல். முதலும் நாலாவதும் வேலைக்காரங்க, சொல்லவே வேண்டாம்."

"அஞ்சாவது?"

"பொம்மி. இருக்கறதிலேயே சின்னது. ரொம்பச் சாதாரணம். அதுல ஒண்ணும் இருந்திருக்க வாய்ப்பில்லை."

டாக்டரம்மா ஒரு கீரைத் தண்டை ஒடித்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்க."

"பாக்கறதுக்கு இனிமே என்ன இருக்கு? அளக்க வேண்டியதெல்லாம் அளந்தாச்சு."

"நீங்க அவங்களைப் பாத்தாச்சு. அவங்க உங்களைப் பாக்கட்டும்."

 வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று சாரநாதன் அவர் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் இல்லாமல் அந்த அறையில் உட்கார வேண்டியிருந்தது. தராசு இருந்தவரை பயம் தெரியவில்லை. கையில் வேலை இல்லாதபோது அறை பெரிதாகிவிட்டது. முணுமுணுப்பும் கூடியதுபோல இருந்தது. சில சமயம் அதில் சொற்கள் இருப்பது போலத் தோன்றும். காது கொடுத்தால் வெறும் தண்ணீர். கவனத்தைத் திருப்பினால் மறுபடி சொற்கள்.

ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும், ஜன்னல் இடுக்கு வழியாக மஞ்சு, அந்த மலையின் பனிமூட்டம், உள்ளே வந்தது. முதலில் தரையில் படர்ந்தது. பிறகு பலகைவரை ஏறியது. ஜாடிகளின் அடிப்பாகம் மறைந்து, ஐந்து தலைகள் மஞ்சுக்கு மேலே நிற்பதுபோல இருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. தெளிவாக, மூன்றடி தூரத்தில்.

"உனக்கு எத்தனை?"

சாரநாதன் அசையவில்லை.

"உனக்கு எத்தனை?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செருப்பை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். டாக்டரம்மா வெளிச்சுவர் ஓரமாகச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இவர் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பேசுது டாக்டரம்மா. உள்ள பேசுது. எனக்கு எத்தனைன்னு கேக்குது."

"ஆமா. என் காதுலயும் விழுந்தது. அஞ்சு தடவை."

"ரெண்டு தடவைதான்..."

"அஞ்சு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்."

"அப்ப நிஜமாவே..."

"உங்க குரல், புரொபசர்" என்றார் டாக்டரம்மா.

சாரநாதன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உதடுகள் காய்ந்திருந்தன. தான் பேசியது தனக்குத் தெரியாமல் போனது, ஜாடி பேசியதைவிட அவரை அதிகம் நடுங்க வைத்தது.

டாக்டரம்மா அவரை உள்ளே கூட்டிப்போய் அடுப்பருகே உட்காரவைத்தார். காப்பி கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தானோ என்னவோ, சாரநாதன் சொல்ல ஆரம்பித்தார்.

நோட்டில் நூறு பேர் இல்லை. நூற்றொருவர். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. எதிரே மார்க் போடும் கட்டம் பலமுறை எழுதி அழித்து ஓட்டையாகியிருந்தது.

"இருபத்தெட்டு வயசுல ஒரு கட்டுரை எழுதினேன். என் வழிகாட்டிகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுக்கப் படிச்சார். நல்லாத்தான் இருக்கு, ஆனா உனக்கு ரெண்டாம் தர மூளைன்னார். கோபமாச் சொல்லலை. வானம் மேகமா இருக்குன்னு சொல்ற மாதிரிச் சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் ஒண்ணும் எழுதலை. மனசுக்குள்ள எல்லாருக்கும் மார்க் போட ஆரம்பிச்சேன். நோட்டு போட்டது ரொம்பப் பின்னால."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"என் பொண்ணு தாரிணி. பதினேழு வயசுல ஒரு நுழைவுத் தேர்வுல தவறிட்டா. அவகிட்ட நான் அதே வார்த்தையைச் சொன்னேன். அதே குரல்லதான் சொன்னேன். ஆறு வருஷமாச்சு, அவ என்கிட்ட பேசி."

டாக்டரம்மா சரிந்த கட்டையை உள்ளே தள்ளினார்.

"இறங்கிப் போகணுமா, புரொபசர்?"

"போகணும்" என்றார் சாரநாதன். சற்றுப் பொறுத்து, "ஆனா அது எந்த மூளைன்னு தெரியாமப் போனா நிம்மதி இருக்காது. ஊர்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கும். பாட்டன் பூட்டன் சொல்லியிருப்பாங்க. நாளைக்குக் கேட்டுட்டு வரேன்" என்றார்.

மறுநாள் காலை கீழே நடந்தார். பாதை ஒரு பாழூர் வழியாகப் போயிற்று. காய்ச்சலில் அழிந்து திரும்ப எழாத மூன்று ஊர்களில் அது ஒன்று. கூரை இல்லை, சுவர் இல்லை. வீட்டு வாசற்படிகள் மட்டும் புல்லுக்குள் வரிசையாகக் கிடந்தன. பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பத்தொன்றில் நிறுத்தினார். ஒரு வாசற்படி மேல் மஞ்சு உட்கார்ந்திருந்தது. ஆள் உட்காருகிற உயரத்துக்கு.

அதைத் தாண்டிக் கீழ் ஊற்று. பாறையிடுக்கில் ஆள் உயரத்துக்குக் கல் குவித்திருந்தது. கற்களின் மேல் பாசி, பாசியின் மேல் சின்னச் செடிகள். காது வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடியது.

அதற்கும் கீழே மாசியின் ஊர். பள்ளிக்கூடத்தில் காலை இடைவேளை விட்ட நேரம். குழந்தைகள் கத்திக்கொண்டு பாதை முழுக்க ஓடினார்கள். சாரநாதனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாசி ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கய்யா. டாக்டரம்மா அனுப்பினாங்களா?"

"இல்லம்மா, நானாத்தான் வந்தேன். மேல ஒரு ஊற்றைக் கல் போட்டு அடைச்சிருக்கே, எதுக்குன்னு தெரியுமா?"

"அது ஆகாத தண்ணிங்க. எடுக்கக் கூடாதும்பாங்க."

"ஏன்?"

"ஏன்னு தெரியாதுங்க. எங்க அம்மாவும் எடுக்காது, அவங்க அம்மாவும் எடுக்கலை."

"ஒரு காய்ச்சல் வந்ததே. பதினாலு ஊர்லயும் ஜனங்க செத்தாங்களே."

மாசி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்தக் காய்ச்சலுங்க? மழைக்குச் சளி பிடிக்கும். அதுக்குக் கஷாயம் வெச்சுக் கொடுப்போம். சாகற காய்ச்சலெல்லாம் எங்க ஊர்ல கேள்விப்பட்டதே இல்லையே."

"ஆஷ்வெல் துரை? கார்டிங் துரை?"

"தெரியாதுங்க."

"தேவசகாயம்? காதர் மொய்தீன்? பொம்மி?"

"இங்க அப்படி யாரும் இல்லீங்கய்யா." இடுப்பிலிருந்த குழந்தை சாரநாதனின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. மாசி சிரித்துக்கொண்டே அதன் கையை விடுவித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள நீ ஏம்மா வரமாட்டேங்கற?"

அவள் சிரிப்பு நின்றது. "அங்க யாரோ காத்துக்கிட்டு இருக்காங்கய்யா. வாசல்ல நின்னாலே தெரியும்."

"யாரு?"

"அது தெரியாதுங்க."

மதியம் திரும்பி வந்த சாரநாதன் சோர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. அஞ்சு பேர்ல ஒருத்தர் பேர்கூட மிச்சமில்லை. அவ்வளவு ஏன், அப்படி ஒரு காய்ச்சல் வந்ததே தெரியலை."

"சுத்தமாத் தெரியலையா?"

"சுத்தமா."

டாக்டரம்மா அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சோறு போட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சாரநாதன் சொன்னார். "இன்னிக்கு ஒரு தடவை போய் உட்காந்துட்டு, நாளைக்கு இறங்கிடறேன். ஆனா தனியாப் போக முடியாது. நீங்க கூட வரணும்."

 டாக்டரம்மாவின் கண் ஒருமுறை மேற்குப் பக்கம் போய்த் திரும்பியது. இந்த அம்மாளுக்கும் அந்த அறை பயமா என்று சாரநாதன் முதல் தடவையாக நினைத்தார்.

"நான் உள்ள போய் ஒன்பது வருஷமாச்சு" என்றார் டாக்டரம்மா. "சரி, வாங்க."

இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். நோட்டை எடுத்துவர சாரநாதனுக்குத் தோன்றவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தரைக்கு அடியில் தண்ணீர் முணுமுணுத்தது. ஜாடிகளுக்குள் நீர் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் போயிற்று. மஞ்சு வந்தது. தரையில் படர்ந்து, முழங்கால்வரை ஏறி, பலகையைத் தொட்டது.

சாரநாதன் பற்களைக் கடித்துக்கொண்டார். தன் வாய் தானாகத் திறந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். உனக்கு எத்தனை என்று மறுபடி கேட்டால் என்ன சொல்வது? இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் எழுதி அழித்த எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. எதைச் சொன்னாலும் சரியாக இருக்காது. தாரிணியின் முகம் வந்தது. அவளுக்கு அன்று பதினேழு வயது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். எத்தனை என்று எனக்குத் தெரியாது. முடிவு செய்ததும் தோள்கள் தளர்ந்தன.

அப்போது தரையின் முணுமுணுப்பு நின்றது.

குறையவில்லை. நின்றது. நூறு வருஷமாக ஓடிய தண்ணீர் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல. ஐந்து ஜாடிகளிலும் நீர் கண்ணாடியாக அசைவற்றுப்போனது.

அந்த அமைதிக்குள் ஒரு கேள்வி வந்தது. அதட்டலாக இல்லை. ரொம்ப நாள் படுக்கையில் கிடந்த ஒருவர், அறைக்குள் நுழைந்தவரிடம், தலையைத் தூக்க முடியாமல் கேட்பது போல இருந்தது.

"காய்ச்சல் நின்னுடுச்சா?"

சாரநாதனுக்குக் கேட்டது ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. புரிந்தது.

அவர் கண்கள் நிறைந்தன. பாதை முழுக்க ஓடிய குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். கண்ணாடியை இழுத்த அந்தச் சின்னக் கையும்.

"நின்னுடுச்சு" என்றார் உரக்க.  "நின்னு ரொம்ப நாளாச்சு. ஒருத்தருக்கும் இல்லை. அப்படி ஒண்ணு வந்ததே அவங்களுக்குத் தெரியாது."

யாரோ நீளமாக மூச்சு விட்டது போல ஜன்னல் இடுக்கில் காற்று போயிற்று. மஞ்சு பலகையிலிருந்து இறங்கியது. தரைக்கடியில் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது. இப்போது அது வெறும் தண்ணீர்ச் சத்தமாகத்தான் இருந்தது.

ஐந்து ஜாடிகளில் இருந்தவையும் மெல்லச் சுழன்று, ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன.



"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"இந்தத் தடவையும் என் குரல்தானா?"

"நீங்க வாயே திறக்கலை. நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பதில் சொல்லத்தான் திறந்தீங்க."

"கேள்வி உங்களுக்குக் கேட்டதா?"

"இல்லை. இத்தனை வருஷத்துல ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை." அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்ததோ என்று சாரநாதனுக்குத் தோன்றியது. "என்ன கேட்டாங்க?"

சாரநாதன் சொன்னார்.

டாக்டரம்மா தலை குனிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"அப்ப இந்த அஞ்சுல ஒண்ணுதான் கேட்டிருக்கு" என்றார் சாரநாதன் மெல்ல. எழுந்து பலகையருகே போனார். மூன்றாவது ஜாடியைப் பார்த்தார். ஐந்தாவதைப் பார்த்தார். முதலாவதைப் பார்த்தார். "கேட்டது எதுவோ, அதுதான் கண்டுபிடிச்ச மூளை. அவ்வளவு பக்கத்துல வந்துட்டோம். எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும், டாக்டரம்மா. யார் கேட்டாங்க?"

"நீங்க பதில் சொன்னீங்களே, புரொபசர்."

"சொன்னேன்."

"யாரைப் பார்த்துச் சொன்னீங்க?"

சாரநாதன் திரும்பி நின்றார். ஒரு ஜாடியைக் காட்ட மறுபடி பலகைப் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கை ஒன்றிலும் நிற்காமல் ஐந்து ஜாடிகளையும் கடந்து போயிற்று.